விழுந்த மரம் ஆருக்குச் சொந்தம்?

ஜேர்மன் மொழி வகுப்புக்குப் போன எல்லாருக்கும் 'லேசன்' என்ற சொல் தெரியும். வாசித்தல் என்று கொப்பியில் எழுதிக்கொண்டு வந்திருப்போம். அந்தச் சொல்லுக்கு இன்னொரு கருத்தும் உண்டு. பொறுக்குதல், ஒவ்வொன்றாய்த் தெரிந்து எடுத்தல். முந்திரிகைத் தோட்டங்களில் பழம் ஆயிறதையும் இந்தச் சொல்லால்தான் சொல்லுகிறார்கள். காட்டில் விழுந்து கிடக்கிற சுள்ளி, காய்ந்து முறிந்த கொப்பு, இவற்றுக்கு 'லேசஹோல்ஸ்' என்று பெயர். தமிழில் பொறுக்கு விறகு எனலாம். இந்தப் பொறுக்கு விறகை வைத்து இந்த நாட்டில் ஒரு காலத்தில் பெரிய வழக்கே நடந்திருக்கிறது. லட்சக் கணக்கான சனம் இதற்காகக் கோட்டுக்கு ஏறியிருக்கிறது. நாங்கள் சீவிக்கிற இந்த ரைன் நதிக்கரைதான் அந்த வழக்கின் நடுமையம்.

பழைய காலத்தில் காடு பிரபுவுடையதாக இருக்கும், அல்லது மடத்துடையதாக, அல்லது ஊர்ப் பொதுவாக இருக்கும். நிற்கிற மரம் சொந்தக்காரருடையது. தானாகக் காய்ந்து விழுந்தது ஏழைச் சனத்துக்கு. இதை ஆரும் சட்டம் எழுதித் தொடக்கி வைக்கவில்லை, வழக்கமாக வந்தது. அதற்கும் கட்டுப்பாடு இருந்தது. கிழமையில் ஒரு நாளோ இரண்டு நாளோ 'விறகு நாள்' எண்டு விடுவார்கள். கோடாலியும் வாளும் கொண்டுபோகக் கூடாது. கையால் முறிக்க ஏலுமானதைத்தான் எடுக்கலாம். முதுகிலோ சின்னக் கைவண்டிலிலோ கொண்டுபோகலாம், குதிரை பூட்டிய வண்டில் கொண்டுவரக் கூடாது. பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும் வயது போனவர்களுந்தான் போவார்கள். காலையில் போய் முதுகு முறியக் கட்டிக்கொண்டு வந்தால் ஒன்றிரண்டு நாள் சமையலுக்குக் காணும். மாரிக்குச் சேர்க்க வேண்டுமெண்டால் கோடை முழுக்க நடக்க வேண்டும்.

இது எங்களுக்குப் புதினமான விஷயமில்லை. பனங்காணிக்குள் மரத்தில் ஏறி ஓலை வெட்டினால் அது களவு. காத்துக்கு விழுந்த காவோலையை, கங்குமட்டையை, பன்னாடையைப் பக்கத்து வீட்டு ஆச்சி இழுத்துக்கொண்டு போனால் காணிக்காரர் கண்டும் காணாததுமாய் இருப்பார். எல்லாக் காணிக்காரரும் அப்படியில்லை எண்டது வேறு கதை, வேலிச் சண்டைக்குப் பேர்போன ஆக்கள் நாங்கள். எண்டாலும் வெட்டினதுக்கும் விழுந்ததுக்கும் வித்தியாசம் உண்டெண்டு எல்லாருக்கும் தெரியும். ஜேர்மனியிலும் சட்டத்துக்கே அது தெரிந்திருந்தது. 1532இல் ஐந்தாம் சார்ள்ஸ் பேரரசர் காலத்தில் வந்த குற்றவியல் சட்டம் வெட்டி அடுக்கிய விறகை எடுப்பதைத்தான் களவாகக் கணக்கெடுத்தது. மற்றதைச் சிறு குற்றமாக அந்தந்த இடத்து வழக்கத்துக்கு விட்டது. கை வெட்டுகிற, தூக்குப் போடுகிற காலத்துச் சட்டம் அது. அதற்கே அவ்வளவு நிதானம் இருந்திருக்கிறது.

பிறகு என்ன நடந்தது? விறகுக்கு விலை வந்துவிட்டது. சுரங்கத்துக்குத் தாங்கு மரம் வேண்டும், உலோகம் உருக்கக் கரி வேண்டும், கப்பலுக்குப் பலகை வேண்டும், கண்ணாடி செய்ய, உப்புக் காய்ச்ச எல்லாத்துக்கும் மரம் வேண்டும். 1713இல் சக்சனியில் சுரங்க நிர்வாகத்தில் இருந்த ஹான்ஸ் கார்ல் பொன் கார்லோவிற்ஸ் என்பவர் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். வளர்கிற அளவுக்கு மேலே வெட்டாதே என்பதுதான் அதன் சாரம். இன்றைக்கு எல்லாக் கட்சிக்காரரும் வாய்க்கு வாய் சொல்லுகிற 'நாஹ்ஹால்ரிஷ்கைற்' என்ற சொல்லுக்கு மூலம் அங்கேதான் எண்டு சொல்லுவார்கள். நல்ல கொள்கைதான். ஆனால் மரத்தை எண்ணி, காட்டை அளந்து, வரைபடம் கீறி, காவற்காரனைப் போட்ட பிறகு, நிலத்தில் கிடக்கிற கொப்பும் கணக்குக்குள் வந்துவிட்டது. கணக்குக்குள் வந்த பொருளை ஆரும் சும்மா விடமாட்டார்கள்.

ரைன்லாந்து 1794 முதல் இருபது வருஷம் பிரான்சின் கையில் இருந்தது. 1815இல் பிரஷ்யாவுக்குப் போனது. பிரஷ்ய அரசு 1821 ஜூன் 7ஆந் திகதி விறகுக் களவுக்கென்றே ஒரு தனிச் சட்டம் கொண்டுவந்தது. அந்தக் காலத்தில் சனத்தொகையும் கூடிக்கொண்டு வந்தது. ஊர்ப் பொதுக் காடுகள் பிரிக்கப்பட்டுத் தனியார் கைக்குப் போயின. காணி இல்லாதவனுக்கு அடுப்பு எரிக்க வேறு வழியில்லை. 1836இல் பிரஷ்யா முழுவதும் ஏறக்குறைய 2 லட்சம் குற்ற வழக்குகள் நடந்தன. அதில் 1 லட்சத்து 50 ஆயிரம் விறகுக் களவும் காடு சம்பந்தப்பட்ட மற்றக் குற்றங்களும். நாலு வழக்கில் மூன்று எண்டு வையுங்கோவன். தெற்கே பாடன் நாட்டில் நிலைமை இன்னும் மோசம். 1842இல் அங்கே நாலு பேருக்கு ஒரு தீர்ப்பு எண்ட கணக்கில் விறகுக் களவுக்குத் தண்டனை விழுந்தது. அப்படிப் பார்த்தால் கிழவி, குழந்தை எல்லாரும் சேர்ந்த முழு ஊரும் கள்ளர்தான்.

இது காணாதெண்டு 1841இல் டூசல்டோர்ப் நகரில் கூடிய ரைன் மாகாண சபையில் இன்னும் கடுமையான மசோதா ஒன்று எடுக்கப்பட்டது. அந்தச் சபை இப்போதைய பாராளுமன்றம் மாதிரி இல்லை. பிரபுக்கள், நிலவுடைமை வீரர்கள், நகரத்தார், கிராமத்தார் என்று நாலு வகுப்பாகப் பிரிந்திருந்தது. காணி இல்லாதவனுக்கு வாக்கே இல்லை. அது அரசருக்கு ஆலோசனை சொல்லலாமே தவிர முடிவு எடுக்க முடியாது. அங்கே இருந்தவர்களில் பலர் தாங்களே காட்டுச் சொந்தக்காரர். ஆகவே வழக்காளியே சட்டம் எழுத உட்கார்ந்தது மாதிரித்தான்.

நகரத்துப் பிரதிநிதி ஒருவர், விழுந்த விறகைப் பொறுக்குவதைக் 'களவு' எண்டு சொல்லவேண்டாம், சனத்தின் பார்வையில் அது களவில்லை என்று சொல்லிப் பார்த்தார். அதற்கு நிலவுடைமை வகுப்புப் பிரதிநிதி ஒருவர் கொடுத்த மறுமொழி கேட்க நல்லாயிருக்கும். சனம் களவெண்டு நினைக்காதபடியால்தான் இவ்வளவு நடக்குது, ஆகவே களவெண்டே பேர் வைக்க வேணும் என்றாராம். இதோடு நிற்கவில்லை. காட்டில் தானாக முளைக்கிற சிறு பழங்களைப் பிள்ளைகள் ஆயிறதையும் தடுக்கவேண்டும் என்று பேச்சு வந்தது. ஏனெண்டால் ஒரு பகுதியில் அந்தப் பழம் பீப்பாயில் அடைத்து ஒல்லாந்துக்கு ஏற்றுமதியாகத் தொடங்கிவிட்டது.

மசோதாவின் உள்விவரத்தைப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். களவு போன விறகின் பெறுமதியை மதிப்பிடுகிறவன் காட்டுக் காவற்காரன். அவனுக்குச் சம்பளம் கொடுக்கிறது காட்டுச் சொந்தக்காரன். குற்றப் பணம் அரசாங்கத்துக்குப் போவதில்லை, அதுவும் சொந்தக்காரனுக்கே. அதற்கு மேலே விறகின் விலையும் நட்டஈடும். கட்டக் காசில்லாதவன் அதே சொந்தக்காரனுக்குக் கூலியில்லாமல் வேலை செய்து கழிக்க வேண்டும். கொஞ்சம் யோசித்துப் பாருங்கோ. ஒரு கட்டுச் சுள்ளி போனால் சொந்தக்காரனுக்கு விறகும் திரும்பி வருகுது, காசும் வருகுது, வேலைக்காரனும் வருகிறான். களவு போகப் போக அவனுக்கு லாபம்.

இந்த விவாதத்தைப் பற்றி 1842 ஒக்டோபர் 25 முதல் நவம்பர் 3 வரை கொலோன் நகரில் வெளிவந்த 'ரைனிஷ சைற்றுங்' பத்திரிகையில் ஐந்து பகுதியாக ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் பெயர் போடவில்லை, 'ஒரு ரைன்லாந்துக்காரன்' எண்டு மட்டும் இருந்தது. எழுதியவருக்கு அப்போது வயது 24. ட்ரியர் நகரில் பிறந்தவர், பொன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கத் தொடங்கியவர். அவர்தான் கார்ல் மார்க்ஸ். ஏ.எல். படிக்கிற காலத்தில் மார்க்சைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். உபரிப் பெறுமதி, வர்க்கப் போராட்டம் எல்லாம் பாடமாக்கியிருக்கிறோம். மனிசன் விறகில்தான் தொடங்கினவர் எண்டு ஒரு சேரும் சொல்லித் தரவில்லை. அவரே 1859இல் ஒரு நூலின் முன்னுரையில், பொருளாதார விஷயத்துக்குள் தன்னை முதலில் இழுத்துவந்தவற்றில் இந்த விறகுக் களவு விவாதமும் ஒன்று என்று குறிப்பிட்டிருக்கிறார்.

அவருடைய வாதம் சட்டம் படித்தவருடைய வாதம். நிற்கிற மரத்தில் வெட்டுகிறவன் மரத்துக்குக் காயம் செய்கிறான், சொந்தக்காரனுடைய உடைமையில் கை வைக்கிறான். வெட்டி அடுக்கிய விறகை எடுக்கிறவன் ஒருவனுடைய உழைப்பை எடுக்கிறான். விழுந்த கொப்பில் இந்த இரண்டும் இல்லை. மரமே அதை விட்டுவிட்டது. பாம்பு கழற்றிய சட்டைக்கும் பாம்புக்கும் எவ்வளவு தொடர்போ அவ்வளவுதான் இதற்கும் மரத்துக்கும் என்று உவமை சொல்லுகிறார். இந்த மூன்றுக்கும் ஒரே பேர் வைத்தால் கடைசியில் சனத்துக்குக் களவெண்ட சொல்லிலேயே பயம் போய்விடும் என்பதும் அவர் எச்சரிக்கை. எனக்கு இந்தக் கடைசிச் சொல்தான் கனமாகப் படுகிறது. பத்திரிகை அதிக நாள் ஓடவில்லை. 1843 மார்ச் 31உடன் பிரஷ்ய அரசு அதை மூடிவிட்டது.

அதே 1842ஆம் ஆண்டில்தான் வெஸ்ற்பாலியாவைச் சேர்ந்த அனெற்ற பொன் ட்ரொஸ்ற ஹியூல்ஸ்ஹொப் என்ற பெண் எழுத்தாளரின் 'யூடன்பூஹ' என்ற கதை வெளிவந்தது. அதில் வருகிற விறகுக் கள்ளர் சுள்ளி பொறுக்கிற ஏழைகள் இல்லை. இரவில் கூட்டமாய்ப் போய் முழு மரங்களையே வெட்டி இறக்குகிறவர்கள், காவற்காரருடன் சண்டைக்கு நிற்கிறவர்கள். எழுதியவர் பிரபுக் குடும்பத்துப் பெண், அவருடைய பார்வை அந்தப் பக்கத்தது. மார்க்சை மட்டும் வாசித்தால் அரைவாசிக் கதைதான் தெரியும் எண்டதற்காக இதைச் சொல்லுகிறேன். மரம் வெட்டிக் களவாய் விற்ற கூட்டமும் இருந்தது உண்மை.

காட்டு அதிகாரிகளின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. விறகு மட்டுமில்லை, விழுந்த சருகையும் சனம் வாரிக்கொண்டு போனது. வைக்கோல் காணாதபடியால் மாட்டுத் தொழுவத்தில் பரப்புவதற்குச் சருகு வேண்டும். பிறகு அது சாணத்தோடு சேர்ந்து வயலுக்குப் பசளையாகப் போகும். வருஷக் கணக்காகச் சருகையும் கொப்பையும் வாரினால் காட்டு மண்ணுக்குத் திரும்பிப் போக ஒன்றும் மிஞ்சாது. மண் சத்துக் கெட்டு மரம் குறளிப் போகும். பல இடங்களில் அப்படி நடந்துமிருக்கிறது. இது பொய்யில்லை. ஆனால் மண்ணைக் காப்பாற்ற எண்டு போட்ட சட்டத்தில் குற்றப் பணம் ஏன் சொந்தக்காரனின் பொக்கற்றுக்குப் போகவேண்டும் என்ற கேள்விக்கு அந்த நியாயத்தில் மறுமொழி இல்லை.

1848 மார்ச்சில் புரட்சி வெடித்தபோது ஓடன்வால்ட், பாடன் பகுதிகளில் கிராமத்துச் சனம் வரி அலுவலகங்களோடு காட்டு அலுவலகங்களையும் தாக்கியது. தண்டனைப் பதிவுகள் எரிந்தன. புரட்சி அடங்கின பிறகு 1852இலும் 1878இலும் பிரஷ்யா திரும்பவும் புதிய சட்டம் எழுதியது. 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி எடுத்த பொருளின் பெறுமதியைப் போல ஐந்து மடங்கு குற்றப் பணம். கடைசியில் விறகுக் களவைக் குறைத்தது சட்டமில்லை, நிலக்கரி. றூர் பகுதியில் ஆழச் சுரங்கங்கள் வந்தன, 1847இல் கொலோன் மின்டன் புகையிரதப் பாதை முடிந்தது, பிறகு கொலோனுக்குப் பக்கத்தில் பழுப்பு நிலக்கரியை அச்சில் அமத்திக் கட்டியாகச் செய்யத் தொடங்கினார்கள். அடுப்புக்குக் கரி மலிவாகக் கிடைத்ததும் காட்டுக்குப் போகிற சனம் குறைந்தது. காவற்காரனுக்கு வேலையும் குறைந்தது.

இனி எங்களுக்குக் கிட்டவாக வருகிற பகுதி. பொன் நகரில் 1824இல் பிறந்தவர் டீற்றிஷ் பிரான்டிஸ். தாவரவியல் படிப்பித்தவர். 1856இல் ஆங்கிலேயர் இவரைப் பர்மாவின் தேக்குக் காடுகளைப் பார்க்க வேலைக்கு எடுத்தார்கள். 1864இல் இவரே முழு இந்தியாவுக்கும் முதலாவது காட்டுத் தலைமை அதிகாரி ஆனார். அவருக்குப் பின் வந்த ஷ்லிஷ், றிபன்ரொப் இருவரும்கூட ஜேர்மன்காரர். இங்கிலாந்தில் காட்டுக்கலை படித்த ஆள் அப்போது இல்லை, ஜேர்மன் முறையைத்தான் இறக்குமதி செய்தார்கள். 1865இல் முதலாவது இந்தியக் காட்டுச் சட்டம், 1878இல் அதைவிட இறுக்கமானது. மதராஸ் அரசாங்கத்தின் வருவாய்ச் சபை இதற்கு முகம் கொடுத்து வாதாடியது. காட்டில் விறகு எடுப்பதும் மாடு மேய்ப்பதும் சனத்தின் உரிமை, அரசு கொடுத்த சலுகையில்லை என்பது அவர்கள் கட்சி. ரைன் கரையில் விழுந்த தர்க்கம் அப்படியே மதராசில் எழும்பி நின்றது. பிரான்டிசைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 1878ஆம் ஆண்டு விவாதத்தில் அவர் கடும்போக்குக்காரரோடு முழுக்கச் சேரவில்லை, ஊர்களுக்கெண்டு தனிக் காடு விடவேண்டும் எண்டு கேட்டவர். அவர் சொன்னது எடுபடவில்லை. மதராசுக்கு 1882இல் தனிச் சட்டம் வந்தது.

இலங்கையில் அதற்கும் முந்தியே 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது. காடும் தரிசும் பயிரில்லாத நிலமும், வேறொருவருடையது எண்டு நிரூபிக்கும் வரைக்கும் முடிக்குரியது. உறுதி வைத்திருக்கிறவனுக்குப் பிரச்சினையில்லை, வழக்கத்தை மட்டும் நம்பி இருந்தவனுக்குத்தான் அடி. பிறகு 1885இல் காட்டுச் சட்டம், 1907இல் அதற்குப் பதிலாக இன்னொன்று. திருத்தங்களோடு அந்த 1907ஆம் ஆண்டுச் சட்டந்தான் இன்றைக்கும் எங்கட வன்னிக் காட்டுக்கும் பொருந்துகிறது. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் தங்க விலை விற்ற காலத்தில், சைக்கிளில் பாலையும் வீரையும் கட்டி உழக்கின அப்பாமாருக்கு இந்தச் சட்டத்தின் இலக்கம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. விறகுகாலையில் அந்தர் கணக்கில் நிறுத்து வாங்கின அம்மாமாருக்கும் தெரியாது. போருக்குப் பிறகு விறகுக்குக் காட்டுக்குள் போனவர்கள் பயந்தது சட்டத்துக்கில்லை, மிதிவெடிக்கு.

திரும்ப ஜேர்மனிக்கு வருவோம். நிலக்கரி வந்து அடக்கி வைத்த கதை 1945இல் நிலக்கரி இல்லாமல் போனதும் திரும்ப எழும்பியது. 1946-47 மாரி இந்த நாட்டின் ஞாபகத்தில் 'பட்டினி மாரி' என்றே இருக்கிறது. வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்கியது. வீடுகளுக்குக் கண்ணாடி இல்லை, கரி இல்லை. 1946 டிசம்பர் 31 இரவு கொலோன் பேராயர் யோசப் பிறிங்ஸ் தேவாலயத்தில் பிரசங்கம் செய்தார். உயிரையும் சுகத்தையும் காப்பாற்ற வேண்டியதை உழைத்தோ கேட்டோ பெற முடியாவிட்டால், அந்தத் தேவைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்ற கருத்தைச் சொன்னார். பலர் அந்த அளவுக்கும் மேலே போய்விட்டார்கள், அவர்கள் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்றும் அதே பிரசங்கத்தில் சொன்னவர். சனம் முதற் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டது. நிற்கிற கரி வண்டியில் ஏறிக் கரி எடுப்பதற்கு 'பிறிங்ஸன்' எண்டு அவருடைய பெயரையே வினைச்சொல்லாக்கி விட்டார்கள்.

பேர்ளின் நகரின் நடுவில் இருக்கிற ரியகார்ட்டன் பூங்காவில் ஏறக்குறைய 2 லட்சம் மரம் நின்றது. குண்டுக்கும் விறகுக்கும் போனது போக மிஞ்சினது 700 அளவில். அடிக்கட்டைகளையும் வேரோடு கிண்டி எடுத்தார்கள். வெறும் வெளியாகின இடத்தில் உருளைக்கிழங்கு நட்டார்கள். 1949 மார்ச் 17இல் நகர முதல்வர் ஏர்ன்ஸ்ற் றொய்ற்ரர் திரும்ப முதலாவது மரத்தை நட்டார். மற்ற ஊர்கள் இரண்டரை லட்சம் கன்று கொடுத்தன. நாட்டின் மற்றக் காடுகளிலும் போருக்குப் பிறகு வெட்டுண்ட வெளிகளில் கன்று நட்டது பெரும்பாலும் பெண்கள்தான். முந்தி வந்த அண்ணாமார் அக்காமாருக்கு 50 பெனிக் காசு ஞாபகம் இருக்கும். அதில் முழங்காலில் இருந்து ஒரு பெண் ஓக் மரக் கன்று நடுவாள். 2002இல் யூரோ வரும்வரைக்கும் எல்லார் பொக்கற்றிலும் அவள் இருந்தாள்.

பிரஷ்யர் காலத்தில் வெறுமையாகின மலைகளில் நட்டது அதிகமும் ஸ்புரூஸ் இனத்து ஊசியிலை மரம், டொச்சில் 'பிஷ்ற'. கெதியாய் வளரும், நேராய் நிற்கும், சுரங்கத்துக்கு நல்லது. ஐபல் பகுதிச் சனம் அதற்கு 'பிரஷ்ய மரம்' எண்டே நக்கலாய்ப் பேர் வைத்தது. அதற்கு வேர் ஆழம் போகாது. 2007 ஜனவரி 18இல் கிரில் என்ற புயல் அடித்தபோது நோட்றைன் வெஸ்ற்பாலன் மாநிலத்தில் மட்டும் 25 மில்லியன் அளவான மரம் சாய்ந்தது. சவர்லாந்து, சீகர்லாந்து மலைகளில் மொட்டை விழுந்தது. மாரி மழையில் மண் ஊறி இருந்ததும் ஒரு காரணம். 2018க்குப் பிறகு வந்த வறட்சியிலும் பட்டை வண்டிலும் மிச்சத்தில் பெரும்பங்கு போனது.

புயலுக்கு விழுந்த மரத்தை விறகாக்குவது நிற்கிற மரத்தை வெட்டுவதைவிட ஆபத்தானது. நான் வேலை செய்கிற இடத்தில் சவர்லாந்துக்காரர் சிலர் இருக்கிறார்கள். சனிக்கிழமை காட்டுக்குப் போய் வந்தால் திங்கட்கிழமை இடைவேளையில் இதுதான் கதை. வேரோடு பிடுங்கி விழுந்த மரத்தின் வேர்த்தட்டு சுவர் மாதிரி எழும்பி நிற்கும். அடிமரத்தை அறுத்த உடனே பாரம் போய், அந்தத் தட்டு திரும்ப டப்பெண்டு நிமிர்ந்து குழியில் விழும். பின்னால் நிற்கிற ஆளுக்குத் தப்ப நேரமில்லை. வளைந்து கிடக்கிற தண்டில் ஒரு பக்கம் நெருக்குண்டு இருக்கும், மற்றப் பக்கம் இழுபட்டு இருக்கும். நெருக்குண்ட பக்கத்தில் முதலில் கொஞ்சம் அறுத்து, பிறகுதான் இழுபட்ட பக்கத்தில் கை வைக்கவேண்டும். மாறிச் செய்தால் மரம் பிளந்து அடிக்கும். ஆகவே வாள் மெசின் பிடிக்கப் பயிற்சி எடுத்த பத்திரம் இல்லாமல் அரச காட்டுக்குள் விடமாட்டார்கள். ஹெல்மெற், வெட்டுப்படாத காற்சட்டை, சப்பாத்து எல்லாம் கட்டாயம். தனியாய்ப் போகவும் கூடாது.

அளவு கன மீற்றர் கணக்கில். ஒரு மீற்றர் நீளம், அகலம், உயரத்துக்கு அடுக்கின அடுக்கு ஒன்றுக்கு 'றவும்மேற்றர்' என்று பேர். இடைவெளி போகச் சுத்த மரம் அதில் 0.7 அளவுதான். காய்ந்த பூஹ மரம் அப்படி ஒரு அடுக்கு ஏறக்குறைய 2,100 கிலோவாற் மணி வெப்பம் தரும், 200 லீற்றர் ஒயிலுக்குச் சமம். பிஷ்ற 1,500 அளவில்தான் தரும், பொரிந்து பொரிந்து எரியும். வெட்டிப் பிளந்து இரண்டு வருஷம் காய விடவேண்டும். 2022இல் எரிவாயு விலை ஏறினபோது விறகு விலையும் ஏறியது, அடுக்கி வைத்த விறகு களவு போகுதெண்டு காட்டு அலுவலகங்கள் திரும்பவும் முறையிட்டன.

சட்டம் இப்போது எப்படி எண்டால், காட்டுக்குள் உலாவ 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாருக்கும் உரிமை உண்டு. பிள்ளைகள் சிறு பழம் ஆயலாம், காளான் பிடுங்கலாம், வீட்டுத் தேவைக்குக் கொஞ்சம் கொண்டுபோகலாம். 1841இல் தடுக்க நினைத்த பழம் இன்றைக்குச் சும்மா. அடுப்புக்கு விறகு பொறுக்குவதானால் கீழே கிடந்த கொப்பெண்டாலும் காட்டுச் சொந்தக்காரரின் அனுமதி வேண்டும். காட்டு அலுவலகத்தில் கேட்டால் சிறு தொகைக்கு ஒரு துண்டு எழுதித் தருவார்கள். அதில் பேர், எந்தக் காட்டுப் பகுதி, எந்தத் திகதி வரை, எவ்வளவு தடிப்பான கொப்பு வரை எடுக்கலாம் எண்டெல்லாம் இருக்கும். காட்டுக்குப் போகிற நேரம் அந்தத் துண்டைக் கையோடு வைத்திருக்கவேண்டும்.